பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தம்: சட்டம் படிக்காதவர் எப்படி வாசிப்பது?

பள்ளத்தூரில் வீட்டோடு பலகாரத் தொழில் நடத்தும் ஒரு பெண்மணியின் கேள்வி இது. அவரும் மாமியாரும் இன்னும் ஆறு பெண்களும் சேர்ந்து தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை, சீப்புச்சீடை செய்து விற்கிறார்கள். சென்னை நிறுவனம் ஒன்று மாதம் 400 கிலோ வாங்கித் தன் பெயரில் விற்க முன்வந்திருக்கிறது. பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். “எல்லாருக்கும் கொடுக்கிற படிவம்தான், பயப்பட ஒன்றுமில்லை” என்றும் சொன்னார்களாம். சட்டம் படிக்காத நான் இதை வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார். சில பத்திகளை எடுத்தும் எழுதியிருக்கிறார்.

முடியும் அம்மா. நான் வக்கீல் அல்ல. காரைக்குடியில் இருபத்தெட்டு வருடங்களாகக் கடைக்காரர்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். ஒப்பந்தங்கள் என் மேசைக்கு வருவது பெரும்பாலும் கையெழுத்தான பிறகு, தகராறு முளைத்த பிறகு. கையெழுத்துக்கு முன்பே நீங்கள் கேட்டிருப்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. அது அவர்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட கெடு. “படித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த புதன்கிழமை என் கேள்விகளை அனுப்புகிறேன்” என்று இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பலகாரத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளத்தூர் வரைக்கும் தேடி வந்தவர்கள் ஐந்து நாளில் மனம் மாற மாட்டார்கள்.

நம் பக்கத்துக்கு எழுத்து புதிதல்ல. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதி வைக்கிற நகரத்தார் ஊர்கள் இவை. என் தாத்தா பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடைக்கு அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளராகப் போனவர். அந்தக் காலத்தில் கொண்டுவிற்கப் போகிறவர்கள் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறுவார்கள். எந்த ஊர்க் கடை, எவ்வளவு காலம், என்ன சம்பளம், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். உங்கள் பதினான்கு பக்கத்துக்குள் இருப்பதும் இதே விஷயங்கள்தாம், சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஒரு தாளில் சேர்ப்பதைத்தான் நான் வாசிப்பு என்கிறேன்.

ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் வரவு: நிறுவனம் உங்களுக்குச் செய்ய வேண்டியவை. வலப்பக்கம் பற்று: நீங்கள் நிறுவனத்துக்குச் செய்ய வேண்டியவை. ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்ற சொல் வருகிற இடமெல்லாம் கடமை. அது யார் பெயரை அடுத்து வருகிறதோ அவருடைய கடமை. ‘மே’ என்று வந்தால் அவர் விருப்பம். செய்யலாம், செய்யாமலும் விடலாம். ஆகவே நிறுவனத்தின் பெயரை அடுத்து ‘மே’ வந்தால் அதை வரவில் எழுதாதீர்கள். ‘முயற்சி செய்வோம்’ என்ற பொருளில் வருவதையும் எழுதாதீர்கள். வரவில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை, ஓர் அளவு அல்லது ஒரு நாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

இதை உங்கள் ஒப்பந்தத்திலேயே செய்து பார்ப்போம். மூன்றாம் பத்தியை எழுதியிருந்தீர்கள். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: “சப்ளையர் மாதம் 400 கிலோ தயாரித்துத் தரும் வசதியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் தன் தேவைக்கேற்ப அவ்வப்போது கொள்முதல் ஆணை அனுப்பலாம்.” முதல் வாக்கியத்தில் ‘ஷல்’, இரண்டாவதில் ‘மே’. கோட்டின் எந்தப் பக்கம் 400 ஏறுகிறது என்று பாருங்கள். பற்றில் மட்டும்தான். வரவில் ஒரு கிலோகூட இல்லை. நீங்கள் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைத்து, பெரிய அடுப்பு வாங்கி, அரிசியும் உளுந்தும் மொத்தமாக இறக்கிவைத்த பிறகு, அவர்கள் மாதம் 40 கிலோ மட்டும் கேட்டாலும் ஒப்பந்தத்தை மீறியவர்கள் ஆகமாட்டார்கள். பேச்சில் சொன்ன 400 வேறு, தாளில் இருக்கிற 400 வேறு. “மாதம் குறைந்தது 250 கிலோ வாங்க வேண்டும், குறைப்பதானால் 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்” என்று கேளுங்கள். நான் 250 என்றது ஓர் உதாரணம். உங்கள் ஆட்களின் கூலிக்கும் எரிவாயுவுக்கும் கட்டுப்படியாகும் அளவு எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது, பல ஒப்பந்தங்களில் யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற பக்கம்: சொற்களுக்கு விளக்கம் தருகிற இரண்டாம் பக்கம். ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பக்கத்தில் சொன்ன பொருளில்தான் வரும். உங்களுடையதில் ‘அக்செப்டன்ஸ்’, அதாவது ஏற்பு என்பதற்கு, “பொருள் வாடிக்கையாளருக்கு விற்பனையாகும் நாள்” என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் பத்தியில் “ஏற்பு நாளிலிருந்து 90 நாளில் பணம்” என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். உங்கள் தேன்குழல் அவர்கள் கிடங்கில் ஒரு மாதம் கிடந்தால், 90 நாள் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இதோடு திருப்பி அனுப்பும் பத்தியையும் சேருங்கள். “காலாவதிக்கு 45 நாள் மட்டுமே மீதமிருக்கும் பொருளை நிறுவனம் திருப்பி அனுப்பலாம், அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.” நீங்கள் தேன்குழலுக்கு 60 நாள் என்று லேபிள் ஒட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அறுபதில் நாற்பத்தைந்து போனால் பதினைந்து. அதாவது சட்டியிலிருந்து எடுத்த பதினைந்தாம் நாளிலிருந்து அவர்கள் திருப்பலாம். லாரியில் இரண்டு நாள், கிடங்கில் ஒரு வாரம் என்று வைத்தால், கடை அலமாரியில் அந்தப் பொட்டலத்துக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்காது. விற்றால் அவர்களுடையது, விற்காவிட்டால் உங்களுடையது என்ற ஏற்பாடுதான் இது. தாளின் தலைப்பில் ‘கொள்முதல்’ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது கொள்முதல் இல்லை. “பொருள் வந்து மூன்று நாளுக்குள், உடைசலோ கெடுதியோ இருந்தால் மட்டும், படத்தோடு எழுத்தில் தெரிவித்துத் திருப்பலாம்” என்று மாற்றச் சொல்லுங்கள். உள்ளே எண் வருகிற ஒவ்வொரு பத்தியையும் இப்படி உங்கள் சொந்தச் சரக்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தாலும் கழித்தல் தெரிந்தால் பாதி ஒப்பந்தம் விளங்கிவிடும்.

பணம் வரும் நாளைப் பற்றிச் சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது, அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு தொழிலிடம் பொருள் வாங்குகிறவர், ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் 90 என்று எழுதிக்கொண்டாலும் செல்லாது. ஏற்பு நாள் என்பதற்கும் அந்தச் சட்டமே பொருள் சொல்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த நாள்தான் அது. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால் மட்டும் அந்தக் குறையை நீங்கள் நீக்கிக்கொடுத்த நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கியவர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும், சப்ளையர் இருக்கும் இடத்தின் வசதியாக்க மன்றத்தில், அதாவது இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளுக்காக அந்தச் சட்டத்தின்கீழ் அமைத்த மன்றத்தில், முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். போதாததற்கு, 2024-25 வரிக்கணிப்பு ஆண்டிலிருந்து, கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை அவர்கள் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

இதற்கெல்லாம் உங்களிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகரிடம் போகாதீர்கள். முதல் சரக்கு கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு பதிந்துகொண்டு பழைய பில்லுக்குப் பாதுகாப்புக் கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கை விரிக்கப்பட்டிருக்கிறார்கள். பதிவு எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு பில்லிலும் போடுங்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சரக்கு போய்க்கொண்டிருக்கும்போதே மன்றத்தில் முறையிட்ட வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. உறவு முறிந்த பிறகுதான் போகிறார்கள். அதனால் சட்டம் இருக்கிறது என்று விட்டுவிடாமல், 45 நாள் என்பதையும் ஏற்பு என்பதன் பொருளையும் ஒப்பந்தத்திலேயே திருத்தி வாங்குங்கள்.

இனி பதினோராம் பக்கம். உங்கள் கணவர் ‘தனிப்பட்ட உத்தரவாதம்’ தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு மனம் கனத்துப் போனது. காரணத்தைச் சொல்கிறேன்.

2011-இல் நண்பர் ஒருவரின் அரிசி வியாபாரத்துக்கு ஒரு வங்கியில் 3 லட்சம் ரூபாய்க் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தில், “இப்போதும் இனி எப்போதும் இவருக்குத் தரப்படும் எல்லாக் கடன் வசதிகளுக்கும்” என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். வழக்கமாகப் போடுகிற வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். நண்பர் இரண்டு வருடத்தில் அந்தக் கடனை நாணயமாகக் கட்டி முடித்தார். என் பொறுப்பும் முடிந்தது என்றிருந்தேன். அதன் பிறகு அவர் அதே வங்கியில் புதுக் கடன் வாங்கினார். அது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. 2016-இல் என் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. மகளின் கல்லூரிக்கென்று வைத்திருந்த பணத்திலிருந்து 2,10,000 ரூபாய் கட்டினேன். அதற்குப் பிறகுதான் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 128-ஆம் பிரிவு. முதலில் கடன் வாங்கியவரிடம் கேள் என்று நாம் சொல்ல முடியாது. அப்படித் தொடர்ந்து நிற்கும் உத்தரவாதத்துக்கு 129 என்று தனிப் பிரிவே இருக்கிறது. இனி வரும் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல என்று எழுத்தில் தெரிவித்து அதை ரத்து செய்யலாம் என்கிறது 130. பழைய கடன் தீர்ந்த அன்றே ஒரு கடிதம் போட்டிருந்தால் எனக்கு அந்தத் தபால் வந்திருக்காது.

உங்கள் கணவருக்கு இந்தத் தொழிலில் பங்கில்லை என்கிறீர்கள். பொருள் தருகிறவர் நீங்கள், கடன்பட்டு நிற்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு எதற்கு உங்கள் குடும்பத்தின் ஜாமீன்? இந்தப் பத்தி முழுதும் நீங்க வேண்டும். அதேபோல் ‘பாதுகாப்புக்காக’ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இரண்டு கேட்டிருப்பதும். கையெழுத்தோடு வெற்றுக் காசோலை கொடுத்தால், தொகையை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காக மட்டும் நீங்கள் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்தக் காசோலை திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இவை இல்லாமல் ஒப்பந்தமில்லை என்று அவர்கள் சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

‘இன்டெம்னிட்டி’ என்று வரும் ஒன்பதாம் பத்தி, பலகாரத்தால் யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நீங்கள் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. செய்த இடத்தில் நேர்ந்த தவறுக்குப் பொறுப்பேற்பது நியாயம். நீங்களும் அதை மறுக்க மாட்டீர்கள். ஆனால் அவர்கள் கிடங்கில் வெயிலில் அடுக்கிவைத்து எண்ணெய் காறல் அடித்தால் அது உங்கள் தவறல்ல. “தயாரிப்பில் நேர்ந்ததாக ஆய்வில் நிரூபணமான குறைக்கு மட்டும்” என்று சேர்த்து, மொத்தத்துக்கும் ஒரு மேல் வரம்பு கேளுங்கள். கடைசி மூன்று மாதப் பில் தொகை என்பது கேட்கத்தக்க வரம்பு. ஒவ்வொரு முறையும் சரக்கில் ஒரு பொட்டலத்தைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு சதவீதம் அபராதம் என்று போட்டிருக்கிறார்கள். இப்படி எழுதிய தொகை முழுவதையும் நீதிமன்றம் அப்படியே தந்துவிடாது; அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஆனால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை, உங்கள் பில்லில் கழித்துக்கொள்வார்கள். போக வேண்டியவர் நீங்கள். எனவே மொத்தம் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்ச அளவு வாங்குங்கள்.

பக்குவம் பற்றிய பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஒப்பந்தம் முடிந்து மூன்று வருடம் வேறு யாருக்கும் பலகாரம் செய்து தரக்கூடாது என்ற வரி பயமுறுத்தும். அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவரின் தொழிலைத் தடுக்கும் அப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லாது. நான் அஞ்சுவது அதற்கு முந்தைய வரியைத்தான்: “இந்த ஒப்பந்தத்தின்கீழ் தயாரிக்கப்படும் பொருள்களின் செய்முறை நிறுவனத்தின் சொத்தாகும்.” உங்கள் மாமியார் ஆச்சி தம் தாயாரிடம் கற்றுக்கொண்ட மாவு விகிதம் அது. அவர் கையில் இருப்பதை எழுத்தில் கொடுத்துவிட்டால், பிறகு உங்கள் வீட்டு முறுக்கையே நீங்கள் ரகசியத்தை மீறிச் செய்வதாக அவர்கள் நோட்டீஸ் அனுப்ப இடமுண்டு. “செய்முறை சப்ளையருடையது; நிறுவனத்தின் பெயரும் உறையின் வடிவமும் நிறுவனத்துடையவை” என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும் ஊர் சென்னை என்று இருக்கிறது. ‘மட்டுமே’ என்ற சொல் இல்லையே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். சேலம் வியாபாரி ஒருவருக்கும் குஜராத் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், அப்படிப்பட்ட சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்குப் போடலாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் 2013-இல் அதே நீதிமன்றம், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் தெரிகிறது என்று தீர்த்தது. ஆகவே சென்னை என்றால் சென்னைதான் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பல்லவன் ரயிலில் போய்த் திரும்பும் செலவைக் கணக்கிடுங்கள். தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே விசாரித்துத் தீர்க்கும் நடுவரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே நியமிப்பார் என்றும் இருக்கிறது. முடிவில் தனக்கு நலன் உள்ளவர் தனி நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று 2019-இல் தீர்ப்பு வந்துவிட்டது. அதைச் சொல்லி, இருவரும் சம்மதித்து நியமிக்கும் நடுவர், விசாரணை மதுரையில் என்று கேட்டுப்பாருங்கள். இதில் முழுதும் கிடைக்காவிட்டாலும் உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் 30 நாள் நோட்டீஸில் விலகலாம், நீங்கள் 180 நாள் என்றால் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால், மறுக்க வேண்டிய கடைசி நாளைக் காலண்டரில் இன்றே குறியுங்கள். “நிறுவன இணையதளத்தில் அவ்வப்போது மாற்றப்படும் விதிகளும் பொருந்தும்” என்ற வரி, நீங்கள் பார்க்காத தாளில் கையெழுத்து வாங்குவது. கையெழுத்து நாளில் உள்ள விதிகளை அச்செடுத்து இணைக்கச் சொல்லுங்கள். “இதுவே முழு ஒப்பந்தம்” என்ற கடைசிப் பக்கத்து வரி, போனில் சொன்ன எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்த மேலாளர் போனில் சொன்ன நல்ல வார்த்தைகள் எவையோ, அவை எல்லாம் ஒப்பந்தத்துக்குள் ஏற வேண்டும்.

தாள் நிறைந்ததும், கேள்விக்குறி போட்ட வரிகளையும் மாற்றங்களையும் ஒரே மின்னஞ்சலில், பத்தி எண்ணோடு அனுப்புங்கள். வேண்டுகோளாக அல்லாமல், மாற்றி எழுதிய வாக்கியத்தையே கொடுத்துவிடுங்கள்; எதிர்ப்பக்கத்து ஆள் அதை வெட்டி ஒட்டினால் போதும் என்றால் பாதிக்கு மேல் நடந்துவிடும். பதில் வந்த பிறகு அதே தாளோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். பதினான்கு பக்கத்தை அவர் மேசையில் வைத்து “சரியா?” என்று கேட்பதற்கும், “ஏழு, ஒன்பது, பதினொன்று, இந்த மூன்றிலும் எனக்கு இந்தச் சந்தேகம்” என்று கேட்பதற்கும் கிடைக்கும் பதிலே வேறு. கட்டணம் சிரமம் என்றால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

கடைசியாக, இணைப்பு இரண்டு. விலைப்பட்டியல் என்று தலைப்பு மட்டும் இருக்கிறது, கட்டங்கள் காலியாக இருக்கின்றன, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உளுந்து, அரிசி, எண்ணெய் மூன்றின் இன்றைய விலையைக் குறித்து, கிலோவுக்கு உங்கள் அடக்கத்தைப் போட்டு, அந்தக் கட்டங்களை நீங்களே நிரப்பி அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பார்ப்பது என்ற வரியையும் அதன் கீழேயே எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் அவர்கள் கையெழுத்து விழுந்து திரும்பி வந்த பிறகு நீங்கள் போடலாம்.